சென்னை யாருடைய பட்டினம்?

(எமது வானொலியில் ஒலிபரப்பான மாதாந்தப் பேச்சின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஹரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சங்கீத வகுப்பின் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆண்டு விழாவுக்கு எந்த மண்டபம் எடுப்பது, றோல்ஸ் யார் செய்வது என்று வழக்கமான கதைகள்தான். எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்குகிற நேரத்தில் ஒரு தகப்பன் எழும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கட பிள்ளையள் வருஷம் முழுக்கப் படிச்சுப்போட்டு மேடையில ஏறித் தெலுங்கிலதானே பாடுதுகள்? நாங்கள் தமிழாலதான் ஊரை விட்டு வந்தனாங்கள். இஞ்ச வந்து பிள்ளையளுக்கு ஏன் தெலுங்கு?"

மண்டபம் ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பிறகு சிலர் கை தட்டினார்கள். சென்னையில் படித்துவிட்டு வந்த ரீச்சரின் முகம் கறுத்துப் போயிற்று. "எனக்குச் சென்னையில இப்படித்தான் சொல்லித் தந்தவை" என்று மட்டும் சொன்னார். "அப்ப சென்னையே தமிழைக் கைவிட்டிட்டுது" என்றார் அந்தத் தகப்பன். அடுத்த கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுவது என்று முடிவாயிற்று.

கை தட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில், காரின் பின் ஆசனத்தில் இருந்து என் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, அப்ப நான் பாடுறது எங்கட பாட்டு இல்லையா?" ஒன்பது வயதுப் பிள்ளை. மூன்று வருடமாகப் பாடுகிறாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த மாதம் உங்கள் முன் வந்திருக்கிறேன்.

சென்னை தமிழைக் கைவிட்டதா என்று கேட்பதற்கு முன், சென்னை என்பது என்ன பட்டினம் என்று பார்க்க வேண்டும். வீசாவுக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் காத்துக்கொண்டு 1985 முதல் 1987 வரை நான் அங்கே இருந்தவன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் எத்தனையோ பேர் அதேபோல கே.கே. நகரிலும் வளசரவாக்கத்திலும் அண்ணா நகரிலும் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து எழும்பியவர்கள். நாங்கள் அந்த நகரத்தில் வாழ்ந்தோம். ஆனால் அதை வடிவாகப் பார்க்கவில்லை. எங்கள் கண் முழுக்கத் தபால்காரன் மீதுதான் இருந்தது.

தொடக்கத்தில் இருந்து வருவோம். 1639 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனிக்குக் கடற்கரை மணலில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கொடுத்தவர் தாமல் வெங்கடாத்திரி நாயக்கர். விஜயநகர அரசின் கீழ் அந்தப் பகுதியை ஆண்ட தெலுங்குத் தலைவர். அவருடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கரின் பெயரால்தான் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரசு 1996 இல் மெட்ராஸ் என்ற பெயரை நீக்கிச் சென்னை என்று வைத்தபோது, இங்கே நாங்கள் தமிழ்ப் பெயர் திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். வந்தது ஒரு தெலுங்கு நாயக்கரின் பெயர்.

அந்த இடம் தமிழ் நிலமும் தெலுங்கு நிலமும் உரசிக்கொள்கிற எல்லை. வடக்கே கொஞ்சத் தூரம் போனால் பழவேற்காடு, அதற்கும் அப்பால் நெல்லூர். வெள்ளைக்காரருக்கும் நெசவாளருக்கும் நடுவில் நின்று வியாபாரம் பேசியவர்களுக்குத் துபாஷிகள் என்று பெயர். இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அவர்களில் பலர் தெலுங்கர். பிறகு பக்கிங்காம் கால்வாய் வந்தது. ஆந்திரக் கரையில் இருந்து சென்னையையும் தாண்டி மரக்காணம் வரை 400 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட உப்புநீர்க் கால்வாய். நெல்லும் உப்பும் விறகும் அதில் படகு படகாக வந்து இறங்கின. சென்னையின் அடுப்பு பல காலம் ஆந்திர விறகில் எரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வியாபாரத்தின் அடையாளம் சென்னைப் பேச்சிலும் கிடக்கிறது. எங்கள் தெருவில் காய்கறி விற்கிற பெண் எங்களை "இன்னா நைனா" என்றுதான் கூப்பிடுவாள். நைனா என்றால் தெலுங்கில் அப்பா. காசுக்கு டப்பு என்றாள், அதுவும் தெலுங்கு. விலை கேட்டு நின்றால் "பேஜார் பண்ணாதே, ஜல்தி" என்பாள். இவை இரண்டும் உருது வழி வந்தவை. யாழ்ப்பாணத்துச் செந்தமிழில் வளர்ந்த நாங்கள் அதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். இதென்ன தமிழ் என்று.

அந்தச் சிரிப்புக்குப் பதில் எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கிடைத்தது. அவர் நாயுடு குடும்பம். வீட்டுக்குள்ளே தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். முன்னூறு வருடமாகச் செங்கற்பட்டுப் பக்கம் இருக்கிற குடும்பம் என்று சொல்வார். நாங்கள் குடிவந்த முதல் கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, நீங்க எல்லாம் மலையாளிங்களா?" என்று கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இல்லையம்மா, நாங்கள் தமிழர்" என்றேன். "பேசறது தமிழ் மாதிரி இல்லையே" என்றார். தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா, தமிழுக்காக அடிபட்டு வந்த எங்களைப் பார்த்து இது தமிழ் மாதிரி இல்லை என்கிறார்! அடுத்த நாள் நாங்கள் பிட்டு அவித்துச் சொதி வைத்ததைக் கண்டதும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தேங்காய்ப் பாலும் பிட்டும் இடியப்பமும் என்றால் கேரளம்தானே. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எங்கள் சமையலறைக்கும் மலையாளத்துக்கும் இருக்கிற உறவு, எங்கள் சமையலறைக்கும் சென்னைக்கும் இருக்கிற உறவைவிட நெருக்கம்.

அதே அம்மாதான் ஆவக்காய் ஊறுகாயும் புளிச்சகீரைத் துவையலும் கிண்ணத்தில் கொண்டுவந்து தருவார். நாங்கள் ஊரில் இருந்து வந்த கறித்தூளில் கொஞ்சம் கொடுத்தோம். சாம்பாரில் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா சாம்பார் இல்லை" என்றார்.

இனித் தியாகராய நகருக்கு வருவோம். இலண்டனில் கலியாணம் பேசினால் கூறை எடுக்க எங்கள் சனம் போகிற இடம் அது. தி. நகர் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுக் கடைக்குள்ளே ஓடுவோம், அந்தத் தெருப் பெயர்களை வாசிக்க மாட்டோம். 1916 இல் சென்னையில் நீதிக்கட்சி என்று பிறகு பெயர் பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது. பிராமணர் அல்லாதாருக்குக் கல்வியிலும் அரச உத்தியோகத்திலும் இடம் கேட்ட இயக்கம். தமிழ்நாட்டின் திராவிட அரசியலுக்கு அதுதான் அத்திவாரம். தொடக்கியவர்கள் மூன்று பேர். பிட்டி தியாகராயச் செட்டியார், வீட்டில் தெலுங்கு பேசியவர். டாக்டர் டி.எம். நாயர், மலையாளி. டாக்டர் நடேச முதலியார், தமிழர். தியாகராயர் பெயரில் நகரும், நாயர் பெயரில் ஒரு சாலையும், நடேசர் பெயரில் ஒரு பூங்காவும் அங்கே இருக்கின்றன. நடுவில் உள்ள பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். அவர் காளஹஸ்திக்காரர். டாக்டர் நாயர் அரசியல் சீர்திருத்தம் பற்றிச் சாட்சி சொல்ல வந்து 1919 இல் இந்த இலண்டனில்தான் இறந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் எடுக்கிற கூறைதான் என்ன? காஞ்சிபுரத்தில் நெய்தது. அதற்குப் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வரும். சரிகைக்குப் பேர்போன இடம் குஜராத்தில் உள்ள சூரத். அதைக் கட்டிக்கொண்டு வெம்பிளியில் மணவறையில் இருக்கிற பெண் தமிழ்ப் பெண்தானே. இல்லை என்று சொல்ல யாருக்காவது துணிவு இருக்கிறதா?

சாப்பாட்டைப் பற்றி நீட்டிக் கதைக்க வேண்டியதில்லை. மசாலாத் தோசை, பில்டர் கோப்பி, வாழையிலைச் சைவச் சாப்பாடு என்று ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் நாங்கள் சென்னைச் சாப்பாடு என்று தேடிப் போகிற மரபில் பாதி, கன்னட நாட்டின் உடுப்பிக்காரர் சென்னையில் வளர்த்தது. உடுப்பிப் பக்கத்தில் இருந்து எடுபிடி வேலைக்கு வந்த கே. கிருஷ்ணராவ் என்பவர் 1930களில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். சாதி பார்த்துத் தனித்தனியாகச் சாப்பிட்ட ஒரு நகரத்தை, காசு கொடுத்தவன் எல்லாம் வந்து பக்கத்தில் இருக்கிற மேசைக்குப் பழக்கியதில் இப்படியான கடைகளுக்கும் பங்கு உண்டு. அது ஒரு நாளில் நடக்கவில்லை. சண்டையும் நடந்தது. கதீட்ரல் வீதியில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பு என்று சொல்ல மாட்டார்கள். வேலை இல்லாத அகதிப் பெடியனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

குடிக்கிற தண்ணீருக்கும் இதே கதைதான். 1983 இல் கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவர ஆந்திரமும் தமிழ்நாடும் உடன்படிக்கை செய்தன. நதியில் பங்குள்ள மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க முன்பே இணங்கியிருந்தன. உடன்படிக்கை செய்த முதலமைச்சர்கள் இருவரும் கோடம்பாக்கத்தில் அரிதாரம் பூசியவர்கள். என்.ரி. ராமராவ் தி. நகரில் வீடு கட்டி வாழ்ந்தவர். எம்.ஜி.ஆர். பாலக்காட்டு வழி வந்து எங்கள் நாவலப்பிட்டியில் பிறந்தவர். கண்டலேறு நீர்த்தேக்கத்தில் இருந்து பூண்டிக்கு 170 கிலோமீற்றருக்கு மேல் கால்வாய் வெட்டி, தண்ணீர் உண்மையில் வந்து சேர 1996 ஆகிவிட்டது. நாங்கள் இருந்த காலத்தில் தண்ணீர் லொறிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். உடன்படிக்கை நடந்து சில மாதத்தில் கொழும்பு எரிந்தது, அந்த நகரத்துக்கு நாங்களும் போய்ச் சேர்ந்தோம். தண்ணீருக்கு முந்தி நாங்கள் வந்துவிட்டோம் என்று வீட்டுக்காரம்மா பகிடி விடுவார்.

இனிப் படம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் தலைமுறையை வளர்த்தது அதுதான். தமிழ்ப் படம் என்று நாங்கள் யாழ்ப்பாணத்தில் வரிசையில் நின்று பார்த்ததெல்லாம் பிறந்த கோடம்பாக்கமும் வடபழனியும், 1970கள் வரைக்கும் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்ற நாலு மொழிக்கும் பொதுப் பட்டறை. வாகினியை நடத்திய நாகிரெட்டி தெலுங்கர். 1955 இல் எல்.வி. பிரசாத், மிஸ்ஸியம்மாவைத் தமிழிலும் மிஸ்ஸம்மாவைத் தெலுங்கிலும் எடுத்தார். தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் ராமராவ். கதாநாயகி இரண்டிலும் சாவித்திரிதான். அவருக்கு நாலு மொழிக்காரரும் அழுதார்கள். சுசீலா விஜயநகரத்தில் இருந்து வந்தார், ஜானகி குண்டூர்ப் பக்கம், பாலசுப்பிரமணியம் நெல்லூர்க் குடும்பம், யேசுதாஸ் கொச்சி, சரோஜாதேவி பெங்களூர். ரஜினிகாந்தும் பெங்களூர்தான், தாய்மொழி மராத்தி. நீங்கள் உங்கள் காதலைச் சொல்லப் பாவித்த பாட்டுகளில் எத்தனை தமிழ்த் தொண்டையில் இருந்து வந்தன என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, இது சிறுவயதுக் கதை. அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்துகொண்டு போகிற அந்தப் படத்தைப் பார்க்காமல் எங்களில் யாராவது வளர்ந்தார்களா? 1947 ஜூலையில் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்துத் தொடங்கியவர்கள் அதே நாகிரெட்டியும் சக்கரபாணியும். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. நெல்லூரில் ஒரு பெடியனும் நெல்லியடியில் ஒரு பெடியனும் ஒரே வேதாளத்துக்குப் பயந்து நித்திரை கொண்டார்கள். அந்த இதழ் இப்போது இல்லை.

இப்படி எல்லாரும் ஒன்றாக இருந்த வீடு சண்டையில்லாத வீடு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய சண்டை நடந்தது. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 ஒக்ரோபரில் சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் சென்னையிலேயே பிறந்தவர். டிசம்பர் 15 ஆம் திகதி உயிர் துறந்தார். மதராஸ் எங்களது என்று ஒரு பக்கம் முழங்கினார்கள். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ. சிவஞானம் மறுபக்கம் முழங்கினார். 1953 ஒக்ரோபர் 1 ஆம் திகதி ஆந்திரம் பிரிந்தது. சென்னை தமிழருக்கு, திருப்பதி ஆந்திரருக்கு. திருத்தணி நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960 இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1956 இல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. சிறிது சிறிதாகப் படத் தொழிலும் ஐதராபாத்துக்கும் கேரளத்துக்கும் பெங்களூருக்கும் பிரிந்து போயிற்று.

எல்லைக்கோட்டுக்காக உயிர் கொடுப்பது என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்கு அதிசயமாகப் படுவது வேறு. கோடு கீறிய பிறகும் வீட்டுக்காரம்மாவின் குடும்பம் எழும்பிப் போகவில்லை. அவர்களை யாரும் போகச் சொல்லவும் இல்லை. அவர் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள், வீட்டில் தெலுங்கு கதைத்தார்கள், பொங்கலும் கொண்டாடினார்கள், யுகாதியும் கொண்டாடினார்கள். அரசியல் சென்னையைத் தமிழர் கையில் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாரும் அதனால் அந்நியர் ஆகவில்லை. எங்கள் நாட்டில் அப்படி நடக்கவில்லை என்பதை நினைத்து அந்த வீட்டு மொட்டைமாடியில் நான் பல இரவுகள் விழித்திருந்திருக்கிறேன்.

அடுத்து எங்கள் கணக்கு. சென்னையின் அயல் என்றால் ஆந்திரம், கேரளம், கன்னடம் என்று மட்டும் எண்ணக்கூடாது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த அயலவர் நாங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பட்டதாரிகள் 1857 இல் தேறியவர்கள் இரண்டு பேர், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தவர். தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சில் பதிப்பித்தார். ஆறுமுக நாவலர் சென்னைத் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் வைத்து நடத்தினார். பழந்தமிழ் நூல்கள் ஓலையில் இருந்து தாளுக்கு வந்த காலத்தில் சென்னைக்கு யாழ்ப்பாணம் ஒரு அயல் மாவட்டம் மாதிரித்தான்.

வானொலியில் இருந்து பேசிக்கொண்டு வானொலியை விட முடியுமா? 1952 இல் இந்தியத் தகவல் அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கினார். சென்னையில் எடுத்த படப் பாட்டைச் சென்னைக்காரன் கேட்க வேண்டுமானால் கொழும்புக்கு முள்ளைத் திருப்ப வேண்டியதாயிற்று. 1957 இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பல வருடங்கள் இலங்கை வானொலிக்குத்தான் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் மவுசு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் அங்கே நடிகர்களின் பெயர்போல அறியப்பட்டவை. எங்கள் உச்சரிப்பைத் தமிழ் மாதிரி இல்லை என்று சொன்ன வீட்டுக்காரம்மா, "அந்த இலங்கை வானொலிக்காரங்க தமிழ் எவ்வளவு அழகு" என்றும் சொல்வார். இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கப்படுத்தி நான் களைத்துப் போனேன்.

சென்னைத் தமிழில் பாடிச் சிரிக்க வைத்த சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். சுராங்கனியைத் தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோன ஏ.ஈ. மனோகரன் எங்கள் ஆள். அங்கே அவருக்குப் பெயர் சிலோன் மனோகர். 2018 இல் சென்னையிலேயே காலமானார். பாலுமகேந்திராவை எடுங்கள். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். புனேயில் படித்து, மலையாளப் படங்களில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, 1977 இல் முதல் படமாகக் கோகிலாவைக் கன்னடத்தில் இயக்கி, அதன் பிறகுதான் 1979 இல் தமிழுக்கு அழியாத கோலங்கள் தந்தார். மட்டக்களப்புக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் அவருக்குக் கேரளமும் கன்னடமும் வழி விட்டிருக்கின்றன. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த நகரத்தில் எங்கள் ஆட்களுக்கு வாடகை வீடு கிடைப்பதே கடினமாயிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. அயலவர் என்பது எப்போதும் இனிப்பான உறவு அல்ல.

சரி, சங்கீதத்துக்குத் திரும்புவோம். எங்கள் பிள்ளைகள் பாடுகிற தெலுங்குக் கீர்த்தனை ஆந்திராவில் இருந்து வந்தது என்று நானும் நினைத்திருந்தேன். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். தியாகராஜர் வாழ்ந்து 1847 இல் மறைந்தது திருவையாற்றில், காவிரிக் கரையில். தஞ்சாவூரை முதலில் தெலுங்கு நாயக்கரும் பிறகு மராத்தியரும் ஆண்டதால் அங்கே சபைமொழி தெலுங்கு. அரச குடும்பத்தின் காலம் 1855 இல் முடிந்ததும் ஆதரவு தேடி வித்துவான்கள் சென்னைக்கு வந்தார்கள். ஆகவே அந்தப் பாட்டு தமிழ் மண்ணில் விளைந்த தெலுங்கு.

அப்படியென்றால் அந்தத் தகப்பன் கேட்டது பிழையா? இல்லை. அவர் கேட்டதைச் சென்னையே கேட்டிருக்கிறது. ஒரு காலத்தில் சென்னைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு என்றால் கடைசியில், சனம் எழும்பிச் செருப்புத் தேடுகிற நேரத்தில், துக்கடாவாகத்தான் வரும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்தைத் தொடங்கி, 1943 இல் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. ராஜாஜியும் கல்கியும் ரி.கே.சி.யும் துணை நின்றார்கள். இசைக்கு மொழி கிடையாது, தரம் கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்களும் பெரிய வித்துவான்கள்தான். அந்த எதிர்ப்பு அநியாயம் என்பது என் அபிப்பிராயம். சொந்த ஊரில் சொந்த மொழிக்கு நடுமேடை கேட்பது எப்படித் தரக்குறைவு ஆகும்? அந்த இயக்கம் கேட்டதில் பெரும் பகுதி கிடைத்தது. தெலுங்குக் கீர்த்தனையும் போய்விடவில்லை. இன்றைக்கு மார்கழியில் இரண்டும் ஒரே மேடையில் ஒலிக்கின்றன.

ஒரு விடயத்தை அந்தத் தகப்பனிடம் நேரே சொல்ல விரும்புகிறேன். எங்கள் விழாக்களில் எழும்பி நிற்கிறோமே, தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து, அதை எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார். 1970 முதல் தமிழ்நாட்டு அரச விழாக்களில் அது பாடப்படுகிறது. மெட்டமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன், பாலக்காட்டில் பிறந்த மலையாளி. இசைத்தட்டில் பாடியவர்கள் ரி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். ஒருவர் மதுரைச் சௌராஷ்டிரர், மற்றவர் ஆந்திரத்துத் தெலுங்கர். தமிழைத் தாயே என்று கூப்பிட அந்த மூன்று பேரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். நான் இந்த முறை கை தட்டப் போவதில்லை, எழும்பிக் கதைக்கப் போகிறேன். ஆண்டு விழாவில் பாதிப் பாட்டாவது தமிழாக இருக்கட்டும், அதுவும் கடைசியில் அல்ல, நடுவில். அந்தத் தகப்பன் கேட்டது நியாயம், அதைக் கொடுக்க வேண்டும். தெலுங்குப் பாட்டை நிறுத்த வேண்டாம், ஆனால் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரிப் பாடுவதை நிறுத்த வேண்டும். இதுவரை ஒரு பிள்ளைக்காவது அந்த வரிகளின் அர்த்தம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. பழி ரீச்சர் மேல் இல்லை. பெற்றோர் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பேத்திக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது என்று தேடினேன். எங்கள் மகளின் பிளாட்டுக்கு மேல் மாடியில் விஜயவாடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணினி வேலைக்காரர். மகள் போய்க் கேட்டாள். அந்தப் பிள்ளையின் தாய் அடுத்த நாளே இறங்கி வந்து பேத்தியின் கொப்பியை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்தில் 'க' வுக்கும் 'ப' வுக்கும் ஒலி வேறுபாடு காட்ட வழியில்லாததால் பிள்ளை பாதி வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதிலும் பிழை. மூன்று வருடமாக ஒரு சொல்லைப் பிழையாகவே பாடியிருக்கிறாள். இராமனைக் கருணை உள்ளவனே என்று கூப்பிட வேண்டிய இடத்தில் வேறு ஏதோ சொல்லியிருக்கிறாள் போல. அந்த அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார், பேத்தியும் சிரித்தாள். சனிக்கிழமை பின்னேரங்களில் இப்போது பேத்தி மேலே போகிறாள். அவர்களுடைய மகன், ஏழு வயது, எங்கள் வீட்டுக்கு வருகிறான். எங்கள் மகள் சுடுகிற தோசைக்காகத்தான் வருகிறான் என்று நினைக்கிறேன், ஆனால் போன கிழமை வாசலில் நின்று "அம்மப்பா, கதவைத் திறவுங்கோ" என்று கூப்பிட்டான், சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.